பிரேயஸிலிருந்து பிரியும் கடல்வழிகள்

கிரீஸ் நாட்டுக்குச் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 6,000 தீவுகள் உண்டு என்றாலும், அவற்றுள் மக்கள் நிலையாகக் குடியிருப்பவை 227 மட்டுமே. இவற்றிலும் பெரும்பாலானவற்றில் விமான நிலையம் கிடையாது என்பதால், கோதுமை மாவும் எரிபொருளும் மருந்தும் பள்ளி ஆசிரியரும் கப்பலில்தான் வந்து சேர வேண்டும். சுற்றுலாப் பயணி உல்லாசமாகக் கருதும் இக்கப்பல்கள் உள்ளூர் மக்களுக்கு நெடுஞ்சாலையாக விளங்குபவை. அவற்றின் கால அட்டவணையில் வெளியூராருக்கு விளங்காமல் போவன பலவும் இந்த உண்மையை மறப்பதால் விளைபவையே.

ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகமே இவ்வலைப்பின்னலின் மையம். ஆண்ட்ரோஸ், டினோஸ் போன்ற தீவுகளுக்கு ரஃபினாவிலிருந்தும், மேற்கிலுள்ள அயோனியத் தீவுகளுக்குப் பட்ராஸ், கிலீனி முதலிய துறைகளிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டாலும், ஈஜியன் கடலின் பெரும்பகுதி பிரேயஸையே நம்பியிருக்கிறது. டெலோஸ் தீவைச் சுற்றி அமைந்த சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் சீரோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், சான்டோரினி ஆகியவை ஒரு சரமாகவும், கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மீலோஸ் ஆகியவை மற்றொரு சரமாகவும் அமைகின்றன. ஒரே சரத்துக்குள் தீவு விட்டுத் தீவு செல்வது எளிது. சரம் மாறுவது கோடையில் ஒருவாறு இயலும் என்றாலும், குளிர்காலத்தில் அதற்காகப் பிரேயஸுக்கே திரும்ப நேரலாம். அருகருகே தெரியும் தீவுகளை வரைபடத்தில் விரலால் இணைத்துப் பயணம் வகுப்போர் ஏமாறுவது இங்கேதான்.

சிறு தீவொன்றில் கப்பல் கரையணையும் முறை கவனித்துப் பார்க்கத்தக்கது. துறைக்குள் நுழைந்ததும் கப்பல் திரும்பி, நங்கூரத்தை முன்புறம் இறக்கி, சங்கிலியை மெல்ல விட்டுக்கொண்டே பின்புறமாகக் கரையை நெருங்குகிறது. துறையைத் தொடும் முன்பே பின்கதவாகவும் பாலமாகவும் பயன்படும் இரும்புச் சாய்தளம் தாழத் தொடங்கிவிடுகிறது. மத்தியதரைக் கடலில் கடல்மட்ட ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால், தனி மேடை ஏதுமின்றி இச்சாய்தளத்தை நேரே கரையில் இறக்க முடிகிறது. இறங்கவிருக்கும் பயணிகள் முன்கூட்டியே வாகனத் தளத்துக்கு வந்து லாரிகளுக்கிடையே பெட்டிகளுடன் நிற்பர்; சில நிமிடங்களுக்குள் அவர்கள் இறங்கவும், புதியவர்கள் ஏறவும், லாரிகள் பின்னோக்கி நகர்ந்து உள்ளே செல்லவும் வேண்டும். மேல்தள இருக்கையில் அயர்ந்திருப்பவர் அடுத்த தீவில்தான் விழித்தெழுவார்.

வருவாய் தராத வழித்தடங்களைக் கிரேக்க அரசு மானியம் கொடுத்து இயக்கச் செய்கிறது. இவை 'தரிசு வழித்தடங்கள்' என்று பொருள்படும் பெயரால் வழங்குகின்றன. பெரிய கப்பல்கள் அரிதாகவே எட்டிப்பார்க்கும் இராக்லியா, ஸ்கினூஸா, கூஃபோனீசியா, டொனூசா என்னும் சிற்றூர்த் தீவுகளை நாக்ஸோஸுடனும் அமோர்கோஸுடனும் இணைத்து வரும் 'எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிட்டிஸ்' என்ற சிறு கப்பல், பெயரில் மட்டுமே விரைவு கொண்டது எனினும், அப்பகுதி மக்களின் பேரன்புக்கு உரியது.

இத்தனைக்கும் மேலான அதிகாரம் காற்றுக்கே உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தெளிந்த வானத்தின் கீழ் வடக்கிலிருந்து வலுவாக வீசும் 'மெல்டெமி' காற்று, காற்றின் வலிமையை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலில் 8 அல்லது 9ஐ எட்டும்போது, துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படுவதைத் தடைசெய்வர். இலகுவான அதிவேகக் கப்பல்கள் அதற்கு முன்பே நிறுத்தப்படுவதுண்டு. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று 'எக்ஸ்பிரஸ் சமீனா' என்ற கப்பல் பாரோஸ் அருகே, நன்கறியப்பட்ட போர்ட்டெஸ் பாறைகளில் மோதி மூழ்கி 80க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் வைத்திருப்போர் இத்தடைகளைக் குறித்து முணுமுணுப்பதில்லை. கப்பல் ரத்தானால் கட்டணத்தைத் திரும்பப் பெறவோ மாற்றுப் பயணம் கேட்கவோ ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இடமளிக்கின்றன. தவறிப்போன விமானத்துக்கு அவ்விதிகள் பொறுப்பேற்பதில்லை என்பதால், நாடு திரும்புவோர் ஒரு நாள் முன்னதாகவே ஏதென்ஸை வந்தடைவது நல்லது.