காளத்தியின் கதைச் சீலை

சீனத்துக் கிராமங்களில் வருஷப் பிறப்பு நெருங்கும்போது, தாயிடம் கற்ற கைப்பழக்கத்தால் பெண்கள் சிவப்புக் காகிதத்தைக் கத்தரித்து, மீனும் பறவையும் மலருமாக ஜன்னல்களில் ஒட்டி மங்களம் வேண்டுவார்கள் என்பதையும், 2009இல் யுனெஸ்கோ அக்கலையை மானிடகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றதையும் அறியும்போது, எளிய கருவி ஒன்றால் ஒரு ஜனசமூகம் தன் நம்பிக்கைகளையெல்லாம் எழுதி வைத்த உதாரணம் நம் அருகிலேயே இருப்பது நினைவுக்கு வருகிறது. கண்ணப்பர் சரித்திரத்தால் தமிழர் நெஞ்சில் குடிகொண்ட காளத்திதான் அந்த உதாரணத்தைத் தரும் ஊர். 2022 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்தது, இன்று திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே வளர்ந்தது, துணியில் சித்திரம் எழுதும் கலையான கலம்காரி.

மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, அதற்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் இறுகக் கட்டினால் கலம் என்னும் எழுதுகோல் ஆயிற்று. துணியோ கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்ததில் தோய்த்து உலர்த்தியது. இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த கஷாயத்தில் கலத்தைத் தோய்த்து, கம்பளியை விரலால் மெல்ல அழுத்தியபடி இழுக்கையில், வெளிறி இறங்கும் கோடு கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்ததும் கன்னங்கரேலென்று கறுத்துவிடுகிறது. பாலின் கொழுப்பு அதைப் பரவவிடாமல் காக்கிறது. பிழைத்த கோட்டை அழிக்க வழியில்லை. பிறகு படிகாரம் பூசி, சாயவேரோடு கொதிக்கவைத்துச் சிவப்பை ஏற்றி, ஓடும் நீரில் அலசுவார்கள்.

இத்தனை பிரயாசையும் கோயிலில் தொங்கவிடும் சீலைக்காக. நடுவே பட்டாபிஷேகம், சுற்றிலும் கட்டம் கட்டமாக ராமாயண சம்பவங்கள், சித்திரங்களின் அடியில் தெலுங்கு எழுத்து என்று அமைந்த அச்சீலையின் முன் கூடிய பாமர ஜனங்களுக்கு அதுவே புராணம், அதுவே பள்ளிக்கூடம். வரைந்தவர்களும் வித்வான்களைப் போலவே கதையின் நுட்பங்களைக் கற்றிருக்க வேண்டியதாயிற்று.

ஆதரிப்பாரின்றி நலிந்துபோன இந்தக் கலைக்கு, கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் காளத்தியில் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இவ்வூர்க் கலைஞரான ஜொன்னலகட்ட குரப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ பெற்றார். புடவையும் துப்பட்டாவும் இன்று கலைஞர்களுக்குச் சோறு போடுகின்றன. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கதையை இழந்து வெறும் பூங்கொடியாக மிஞ்சும் கலம்காரி, பாதிக் கலம்காரிதான் என்பது என் துணிபு.

ராகு கேது பூஜைக்காகக் காளத்தி செல்லும் அன்பர்களே, சந்நிதியிலிருந்து நேரே பஸ்ஸுக்கு விரையாமல், கையால் சீலை எழுதுகிறவர் வீட்டை விசாரித்துச் செல்லுங்கள். அச்சிட்ட துணியில் கோடு எங்கும் ஒரே கனமாக இருக்கும். கலம் இழுத்த கோடு தடித்தும் மெலிந்தும் ஓடும். அதைப் பார்த்து வாங்குங்கள். அதில் எழுதியுள்ள கதையையும் அவரிடமே கேட்டு வாருங்கள்.