கைப்பந்தும் மறைந்துபோன நாடுகளும்

ஆடவர் கைப்பந்தாட்டத்தில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற நாடுகளின் பட்டியல் நம் முன்னே விரிந்து கிடக்கிறது. 1949-ஆம் ஆண்டு முதல் 1982-ஆம் ஆண்டு வரை பத்து முறை உலகப் போட்டிகள் நடைபெற்றன. ஆறு முறை சோவியத் யூனியன், இரு முறை செக்கோஸ்லோவாக்கியா, ஒரு முறை கிழக்கு ஜெர்மனி, ஒரு முறை போலந்து வென்றன. இன்று பள்ளிப் பிள்ளையின் கையிலுள்ள உலகப் படத்தை வாங்கிப் பார்த்தால், இந்நான்கு நாடுகளுள் போலந்தை மட்டுமே காண்போம். பத்துப் பட்டங்களில் ஒன்பது, இப்போது உலகில் இல்லாத நாடுகளுக்கு உரியவை! வேறு விளையாட்டுகளில் இத்தகைய பட்டியலைக் காண்பது அரிது என்றே எண்ணுகிறோம்.

இவ்வாட்டம் பிறந்தபோது நாடுகளின் மானத்தைப் பற்றி எவரும் கனவு கண்டதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்னும் ஊரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராயிருந்த வில்லியம் மார்கன், 1895-ஆம் ஆண்டு இதனை வகுத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருந்த கூடைப்பந்து, ஓட்டமும் மோதலும் மிகுந்தது. நாளெல்லாம் அலுவல் பார்த்துக் களைத்து வரும் நடுத்தர வயது வணிகர்களுக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே ஆறரை அடி உயரத்தில் ஒரு வலையைக் கட்டி, ஒருவரையொருவர் தொடாமல் பந்தை மட்டும் அப்புறமும் இப்புறமும் தட்டும்படி ஓர் ஆட்டத்தை மார்கன் அமைத்துக் கொடுத்தார். ‘மிண்டனெட்’ என்று அவர் இட்ட பெயர் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. மறு ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடிக் காட்டியபோது, ஆல்பிரட் ஹால்ஸ்டெட் என்பவர் சொன்ன ‘வாலிபால்’ என்ற பெயரே நிலைத்தது.

அச்சங்கத்தின் ஊழியர்கள் சென்ற இடமெல்லாம் பந்தும் வலையும் சென்றன. நம் நாட்டிலும் 1920-இல் சென்னையில் ஹாரி குரோ பக் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் இத்தகைய ஆட்டங்களை ஊர்தோறும் பரப்பினர். பிலிப்பைன்ஸ் தீவினரோ கற்றுக்கொண்டதோடு நில்லாமல் கற்றுக்கொடுக்கவும் செய்தனர். ஒருவர் பந்தை உயரே தூக்கிக் கொடுக்க, மற்றொருவர் எம்பிப் பாய்ந்து எதிரணியின் தரையில் ஓங்கி அறையும் முறை, 1916-ஆம் ஆண்டையொட்டி அத்தீவுகளில்தான் பிறந்தது. ‘பொம்பா’ என்று அதற்குப் பெயர். களைத்துப் போன வணிகர்களின் பொழுதுபோக்கு, அந்த ஓர் அடியில் வீரர்களின் விளையாட்டாயிற்று.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரீஸ் நகரில் 14 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிச் சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். பிரான்சு நாட்டின் போல் லிபோ அதன் தலைவரானார். 1984 வரை, ஏறத்தாழ 37 ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். முதல் உலகப் போட்டி 1949-இல் பிராகா நகரில் நடந்தது. வந்திருந்த 10 அணிகளும் ஐரோப்பிய அணிகளே. 1952-இல் மாஸ்கோவில் நடந்த இரண்டாம் போட்டிக்கு 11 அணிகள் வந்தன. அவற்றுள் நம் இந்திய அணியும் ஒன்று என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அதன்பின் 1962-இல் ஜகார்த்தா ஆசியப் பந்தயங்களில் இந்தியா வெள்ளியும், 1986-இல் சியோலில் வெண்கலமும் பெற்றது. சியோல் அணியின் ஒளிவிளக்காயிருந்தவர் கேரளத்தின் ஜிம்மி ஜார்ஜ். எட்டுச் சகோதரர்கள் ஓர் அணியாகவே ஆடிய குடும்பம் அவருடையது. இத்தாலியின் தொழில்முறைக் கழகங்களில் ஆடிப் புகழ் பெற்ற அவர், 1987-இல் அந்நாட்டிலேயே சாலை விபத்தில் மாண்டார். அவருக்குப் பின் அந்த உயரத்தை நம் ஆடவர் அணி எட்டவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியுள்ளது.

1964-இல் டோக்கியோவில் கைப்பந்து ஒலிம்பிக் பந்தயங்களில் இடம் பெற்றது. ஜப்பானிய மகளிர் அணி தங்கம் வென்றது. நாடே திரண்டு அவர்களைப் போற்றியது. அதே அரங்கில் வெண்கலம் பெற்ற ஆடவர் அணியை ஏறெடுத்துப் பார்ப்பவர் இல்லை. துணைப் பயிற்சியாளராயிருந்த யசுதாகா மட்சுதைரா இதனை மனத்தில் வைத்துக்கொண்டார். அணியின் முழுப் பொறுப்பும் தம்மிடம் வந்தபோது, எட்டு ஆண்டுகளில் உலகின் முதல் அணியாக்குவது என்று திட்டமிட்டார்.

ஐரோப்பியர் உயரத்திலும் உடல் வலிமையிலும் மேம்பட்டவர்கள். அவர்களைப் போலவே ஆடினால் அவர்களை வெல்ல இயலாது என்பது மட்சுதைராவின் கணிப்பு. எனவே உயரத்தைக் காலத்தால் வெல்ல எண்ணினார். பந்து செட்டரின் விரலை விட்டுப் புறப்படுமுன்னரே ஒருவர் பாய்ந்துவிடுவார். தடுப்பவர்கள் அவரோடு எழும்புவர். பந்தோ சற்றுப் பின்னால் வரும் வேறொருவருக்குச் செல்லும். தடுப்பவர்கள் கீழே இறங்கும் நேரத்தில் இவர் மேலே நிற்பார். மொரிதா என்ற வீரர் இதனைத் தாம் ஒருவராகவே செய்தார். பாய்வதுபோல் பாவனை காட்டி நின்று, எதிரி இறங்குகையில் பாய்ந்தார். நெடிய வீரர்கள் கையால் நடக்கவும் குட்டிக்கரணம் போடவும் பழக்கப்பட்டனர். இந்த ஆட்டத்துக்கெல்லாம் உயிர்நாடி செட்டர் கட்சுதோஷி நெகோதா. 1971-இல் அவருடைய கை எலும்பு முறிந்தது. இனி ஆடுவாரோ என்று அஞ்சிய நிலையிலிருந்து மீண்டு மறு ஆண்டு மியூனிக் சென்றார்.

மியூனிக் அரையிறுதியில் பல்கேரியா முதல் இரு செட்டுகளையும் வென்றுவிட்டது. எட்டு ஆண்டு உழைப்பு ஒரு மாலையில் கரையும் போலிருந்தது. மட்சுதைரா கோபிக்கவில்லை, அணியின் மூத்த வீரர்களான மினாமியையும் நகமுராவையும் களத்துக்கு அனுப்பினார். வேகத்தால் ஆகாத காரியம் நிதானத்தால் ஆயிற்று. அடுத்த மூன்று செட்டுகளும் ஜப்பானுடையவை. இறுதி ஆட்டத்தில் கிழக்கு ஜெர்மனியை மூன்றுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றனர். 1964-இல் வெண்கலம், 1968-இல் வெள்ளி, 1972-இல் தங்கம் எனப் படிப்படியாக ஏறிய இவ்வணியோடு மூன்று பந்தயங்களிலும் உடனிருந்த நெகோதா, 1983-இல் தமது 39-ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார். அவர் பெயரால் ஹிரோஷிமாவில் ஓர் உள்ளரங்கம் உள்ளது.

போலந்தின் கதை வேறு மாதிரி. ஹூபர்ட் வாக்னர் என்ற முன்னாள் வீரர், 1973-இல் தம்மோடு ஆடியவர்களுக்கே பயிற்சியாளரானார். கனம் ஏற்றிய மேற்சட்டைகளை அணிவித்துக் குதிக்கவைத்தார். ‘கொலைத்தண்டனை நிறைவேற்றுபவர்’ என்று அவருக்குப் பெயர். இவ்வகைப் பயிற்சியை நாம் பாராட்டுவதா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. 1974-இல் மெக்சிகோவில் உலகப் பட்டம் வந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கம் தவிர வேறெதுவும் தமக்கு வேண்டாம் என்றார் வாக்னர். அரையிறுதியில் ஜப்பானோடு ஐந்து செட்டுகள். இறுதியில் சோவியத் யூனியனோடு மீண்டும் ஐந்து செட்டுகள். நான்காம் செட்டில் தோல்வியின் விளிம்பில் நின்று 19-17 என மீண்டனர். ஐந்தாம் செட்டில் 15-7. சோவியத் வீரர்கள் களைத்தார்கள். கனம் சுமந்து பழகியவர்கள் களைக்கவில்லை. தோமாஷ் வொய்தோவிச் என்ற இளைஞர், முன்வரிசைக்கு வராமல் மூன்று மீட்டர் கோட்டுக்குப் பின்னிருந்தே பாய்ந்து அடித்த அடிகளை அன்றைய தடுப்பாளர்கள் எதிர்பார்க்கவில்லை. இன்று எல்லா அணிகளும் அவ்வாறே அடிக்கின்றன. போலந்து மக்கள் சோவியத் யூனியனை வென்ற அந்த இரவை வெறும் விளையாட்டாக எண்ணவில்லை என்பதை விளக்கத் தேவையில்லை.

பிறகு அரசியல் வாசலைத் தாண்டி உள்ளேயே வந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்காவும் பல நாடுகளும் புறக்கணித்தன. சோவியத் யூனியன் வென்றது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸை சோவியத் யூனியன் புறக்கணித்தது, அமெரிக்கா வென்றது. கார்ச் கிராய் என்ற இணையற்ற வீரரைக் கொண்ட அவ்வமெரிக்க அணிக்கு, உண்மையான எதிரி இல்லாமல் பெற்ற தங்கம் என்ற பேச்சு உறுத்தலாகவே இருந்தது. 1986-இல் பாரீஸ் உலகப் போட்டியிலும், 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும் சோவியத் அணியை இறுதி ஆட்டத்திலேயே நேர்நின்று வென்றபின்தான் அப்பேச்சு அடங்கிற்று.

இதற்கிடையே தென் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1983-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று, ரியோவின் மரக்கானா கால்பந்து அரங்கில், திறந்த வானின் கீழ், பிரேசிலும் சோவியத் யூனியனும் நட்புமுறைக் கைப்பந்து ஆடின. பார்க்க வந்தவர்கள் 95,887 பேர்! மழை வந்தது, ஆட்டம் நிற்கவில்லை. பிரேசில் வென்றது. அந்நாளில் பெர்னார்ட் என்ற பிரேசில் வீரர், வானை நோக்கிச் செங்குத்தாகப் பந்தை அனுப்பும் ஒரு சர்வீஸை ஆடிவந்தார். உச்சியிலிருந்து விழும் பந்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் எதிரிக்கு அதனை எடுப்பது பெரும்பாடு. கால்பந்தையே சுவாசித்த பிரேசிலில் கைப்பந்து வேரூன்றியது இவ்வாறுதான். 1992, 2004, 2016 என மூன்று ஒலிம்பிக் தங்கங்களும், 2002, 2006, 2010 என மூன்று உலகப் பட்டங்களும் அதன் பலன்.

பார்சலோனாவில் 1992-இல் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி எம் நினைவில் நிற்கிறது. அமெரிக்க வீரர் பாப் சாமுவேல்சன் சிறு வயதிலேயே நோயினால் தலைமுடி முழுவதையும் இழந்தவர். ஜப்பானோடு ஆடிய முதல் ஆட்டத்தில் நடுவரோடு அவர் வாதிட்டது தண்டனைக்குரியதாயிற்று. ஆனால் அதற்குரிய புள்ளியை நடுவர் ஜப்பானுக்கு வழங்கவில்லை. அமெரிக்கா வென்றது. ஜப்பான் முறையிட்டது. அப்புள்ளி வழங்கப்பட்டிருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும் எனக் கண்டு, மறுநாள் வெற்றியை ஜப்பானுக்கு மாற்றிக் கொடுத்தனர். விதிப்படி அது சரியே. தம்மால் அணி தோற்றதே என்று அவர் கலங்கியிருக்கக்கூடும். அடுத்த ஆட்டத்துக்கு வந்தபோது அணியின் வீரர் அனைவரும் தலையை மொட்டையடித்துக்கொண்டு நின்றனர்! அந்த மொட்டைத்தலை அணி, கியூபாவை வென்று வெண்கலத்தோடு ஊர் திரும்பியது.

சோவியத் யூனியன் சிதறிய அந்த ஆண்டுகளில் அரங்கை ஆண்டது இத்தாலி. அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஹூலியோ வெலாஸ்கோ அதன் பயிற்சியாளர். 1990, 1994, 1998 என மூன்று உலகப் பட்டங்கள் தொடர்ந்து வந்தன. முதலிரண்டும் வெலாஸ்கோவின் காலத்தவை. ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைக்கு எட்டவில்லை. 1992-இல் காலிறுதியின் ஐந்தாம் செட்டில் நெதர்லாந்திடம் 17-16 எனத் தோற்றனர். இரண்டு புள்ளி வித்தியாசம் இருந்தாக வேண்டும் என்ற நியதி அன்று 17-ஆம் புள்ளியோடு முடிந்துவிடும். ஆகவே ஒரே புள்ளியில் கதை முடிந்தது. 1996-இல் அட்லாண்டா இறுதி ஆட்டத்தில் அதே நெதர்லாந்து. ஐந்தாம் செட் 17-15. 2004-இலும் 2016-இலும் பிரேசிலிடம் இறுதியில் தோல்வி. ஆடவரில் இத்தாலிக்கு 2024 பாரீஸ் வரை அத்தங்கம் கிடைக்கவில்லை. தகுதிக்கும் பரிசுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கலாமா என்று நமக்கே கேட்கத் தோன்றுகிறது.

விதிகளும் மாறின. சர்வீஸ் செய்யும் அணியே புள்ளி பெறலாம் என்ற பழைய முறையில், ஓர் ஆட்டம் ஒரு மணியில் முடியுமா, மூன்று மணியாகுமா என்று எவரும் சொல்ல இயலாது. தொலைக்காட்சிக்கு இது ஒவ்வாது. எனவே 1998-இல், ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி, செட்டுக்கு 25 புள்ளி என்று முடிவு செய்தனர். தடுத்தெடுப்பதற்கென்றே வேறு நிறச் சட்டை அணிந்த ‘லிபரோ’ என்ற ஆட்டக்காரரும் அப்போது வந்தார். குள்ளமானவர்களுக்கும் இடமளித்த அந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். பழைய முறையின் நீண்ட போராட்டங்களை இழந்ததில் குறையும் உண்டு. எனினும் புதிய முறையிலும் போராட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2012 லண்டன் இறுதியில் பிரேசில் இரு செட்டுகளை வென்று, மூன்றாம் செட்டில் வெற்றிக்கு ஒரே புள்ளி வேண்டிய நிலையை இருமுறை எட்டியது. ரஷ்யப் பயிற்சியாளர் அலெக்னோ, நடுவில் தடுத்து நின்ற 218 சென்டிமீட்டர் உயரமுள்ள முசெர்ஸ்கியை ஓரத்துக்கு மாற்றி, பந்துகளை அவருக்கே அனுப்பச் செய்தார். 31 புள்ளிகள் அவர் எடுத்தார். ரஷ்யா தங்கம் பெற்றது.

மறைந்த நாடுகளிலிருந்து தொடங்கினோம். நாடு மறைந்தாலும் குடும்பம் தொடர்கிறது. 1980-இல் சோவியத் யூனியனுக்குத் தங்கம் பெற்றுத் தந்த செட்டர் வியாசெஸ்லாவ் சாய்த்செவ், பின்னர் இத்தாலியில் ஆடச் சென்றார். அங்கே ஸ்பொலெத்தோ நகரில் 1988-இல் பிறந்த அவருடைய மகன் இவான், 2016 ஒலிம்பிக்கில் இத்தாலிக்காக ஆடி வெள்ளி பெற்றார். கியூபாவுக்காக 17 வயதில் 2010 உலகப் போட்டியில் வெள்ளி பெற்ற வில்பிரடோ லெயோன், 2024 பாரீஸில் போலந்தின் சட்டையணிந்து வெள்ளி பெற்றார். யூகோஸ்லாவியா என்ற பெயரோடு 2000-இல் சிட்னியில் தங்கம் வென்றவர்களின் நாடு, மூன்றே ஆண்டுகளில் அப்பெயரை இழந்தது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகப் போட்டி, பொம்பா அடி பிறந்த பிலிப்பைன்ஸ் நாட்டிலேயே நடந்தது. வந்த அணிகள் 32. இறுதி ஆட்டத்தில் இத்தாலியை எதிர்த்தது பல்கேரியா. 1970-இல் சொந்த ஊரான சோபியாவில் இரண்டாம் இடம் பெற்ற பின், 55 ஆண்டுகள் கழித்து அந்நாடு மீண்டும் அந்நிலையை எட்டியிருந்தது. அதன் அணியில் அலெக்சாந்தர், சிமியோன் என்ற இரு நிகோலோவ் சகோதரர்கள் ஆடினர். அவர்கள் தந்தை விளாதிமிரும் பல்கேரிய அணியின் முன்னாள் வீரரே. இத்தாலி மூன்றுக்கு ஒன்று என வென்று ஐந்தாம் பட்டத்தைப் பெற்றது. களத்தின் ஓரத்தில் நின்ற அதன் பயிற்சியாளர் பெர்டினாண்டோ தெ ஜார்ஜி, 1990-இலும் 1994-இலும் 1998-இலும் அதே நீலச் சட்டை அணிந்து உள்ளே நின்றவர்.