நோயால் தள்ளிப்போகும் ஓட்டுநர் தேர்வு: கட்டிய பணத்தில் எது திரும்பும்?

கொல்லிமலையின் அரியூர் நாடு, வளப்பூர் நாடு முதலிய பகுதிகளிலிருந்து சிகிச்சைக்கு வரும் இளைஞர்களில் பலர் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தவர்களாக இருக்கிறார்கள். லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல் அடிவாரத்திலேயே இருப்பதால், உரிமம் என்பது அவர்களுக்கு ஒரு வேலைவாய்ப்பு. எலும்பு முறிவோ, வலிப்போ, அறுவை சிகிச்சையோ குறுக்கிடும்போது, “தேர்வுக்கு நாள் குறித்துப் பணமும் கட்டிவிட்டோம், போகாவிட்டால் பணம் போய்விடுமே” என்ற கவலை நோயாளியையும் குடும்பத்தாரையும் வாட்டுகிறது. அந்தக் கவலையால் உடல் தேறுவதற்கு முன்பே தேர்வுக்குச் செல்வோரும் உண்டு. அது ஆபத்தானது. எந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது தெளிவானால் இந்த அவசரம் தேவைப்படாது.

கட்டிய பணம் இரு வகை

உரிமம் பெறுவதற்காக நாம் செலவிடும் பணம் பொதுவாக இரண்டு இடங்களுக்குச் செல்கிறது. ஒன்று அரசுக்குச் செலுத்தும் கட்டணம். மற்றொன்று ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குக் கொடுக்கும் தொகை. சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பார்க்கிறது.

அரசுக் கட்டணம் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 32ஆம் விதியின் அட்டவணையில் உள்ளது. 2016 டிசம்பரில் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, பழகுநர் உரிமத்துக்கு ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய். பழகுநர் தேர்வுக்கு 50 ரூபாய். வாகனம் ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு ஒவ்வொரு வகைக்கும் 300 ரூபாய். உரிமம் வழங்க 200 ரூபாய். ஒரே வகை வாகனத்துக்கு இவற்றின் கூட்டுத்தொகை 700 ரூபாய். பயிற்சிப் பள்ளி கேட்கும் மொத்தத் தொகையில் அரசுக்குரிய பங்கு எவ்வளவு என்பதை இதைக்கொண்டு அறியலாம்.

அரசுக் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

இதை நுகர்வோர் வழக்காக்குவது கடினம். 2009ஆம் ஆண்டில் பீகார் பள்ளித் தேர்வு வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை வகுத்தது. சட்டப்படியான கடமையாகத் தேர்வு நடத்தும் வாரியம் சேவையை விற்பதில்லை. தேர்வுக் கட்டணம் சேவைக்கான விலையன்று. ஆகவே தேர்வு எழுதுபவர் அந்த வகையில் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது அத்தீர்ப்பின் சாரம். அது பள்ளித் தேர்வைப் பற்றியதே. எனினும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வும் சட்டப்படியான கடமை என்பதால், அதே வாதம் இங்கும் எழும்.

பிரிட்டனில் கார் தேர்வைக் கைவிடுவோர் 10 முழு வேலைநாட்களுக்கு முன் தெரிவித்தால் கட்டணத்தை இழப்பதில்லை. 2025 ஏப்ரல் 8ஆம் நாளுக்கு முன் அந்த வரம்பு 3 நாட்களாக இருந்தது. வெளிநாட்டு உறவினர் சொல்லும் இத்தகைய விதிகள் நம் ஊருக்குப் பொருந்தா.

ஆகவே 300 ரூபாயைத் திரும்பக் கேட்டு அலைவதைவிட, தேர்வு நாளை மாற்றிக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. சாரதி இணையதளத்தில் விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் கொண்டு முன்பதிவை மாற்ற முயலலாம். இணைய வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்தின் உதவியை நாடலாம். தேர்வு நாளுக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் “தேர்வுக்கு வராதவர்” என்ற பதிவு ஏற்படாது. நாள் கடந்துவிட்டால், மருத்துவச் சான்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

இங்கே காலக்கணக்கு மிக முக்கியம். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். அதைப் பெற்று 30 நாட்கள் ஆன பிறகே தேர்வுக்குச் செல்லலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் மூன்று மாதம் ஓட்டக்கூடாது என்றால், உங்கள் பழகுநர் உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று உடனே பாருங்கள். அந்தத் தேதிக்குள் தேற முடியாது என்றால், உரிமத்தைப் புதிதாகப் பெறுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். உடலைப் பணயம் வைக்கும் அளவுக்கு அது பெரிய தொகையன்று.

வங்கியில் கழிந்த பணம்

பணம் கணக்கில் கழிந்தும் கட்டணம் பதிவாகாமல் போவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால் உடனே இரண்டாம் முறை செலுத்தாதீர்கள். முதலில் சாரதி தளத்தில் பணம் செலுத்திய நிலையைச் சரிபாருங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறையின்படி, யுபிஐ அல்லது அட்டை மூலம் இணையத்தில் செலுத்திய தொகை உரியவரைச் சேரவில்லையெனில், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு வழங்கப்பட வேண்டும். வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். தகவலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

பயிற்சிப் பள்ளியிடம் உங்கள் உரிமை

பயிற்சிப் பள்ளி பணம் பெற்றுச் சேவை வழங்கும் நிறுவனம். அங்கே நீங்கள் ஐயமின்றி நுகர்வோர்; 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ரசீது தர மறுப்பதையே அச்சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆகவே முதல் நாளிலேயே ரசீது கேட்டு வாங்குங்கள். அதில் அரசுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பது நல்லது.

நோய் உங்களுடையது; பள்ளியின் மீது தவறில்லை. ஆயினும் அளிக்காத பயிற்சிக்கான முழுத்தொகையையும் பள்ளியே வைத்துக்கொள்வது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. “எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது” என்று ரசீதில் அச்சிட்டிருந்தாலும், அதுவே முடிவான சொல் அன்று. மறுதரப்புக்கு ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர்மீது சுமத்தும் நிபந்தனையைச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வரையறுக்கிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்ற வழக்கை மாநில ஆணையத்தில் தொடர வேண்டும். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை பற்றிய புகார்களை மாவட்ட ஆணையமே விசாரிக்கும்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு விதிகளிலேயே ஓர் அளவுகோல் உண்டு. சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாட்களுக்குக் குறையாமலும், வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். போக்குவரத்து வாகனத்துக்கு அவை முறையே 30 நாட்கள், 15 மணி. ஒவ்வொரு பயிற்சியாளரும் ஓட்டிய நேரத்தைப் பள்ளி படிவம் 15 என்ற பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். நீங்கள் எத்தனை மணி நேரம் ஓட்டினீர்கள் என்பதற்கு அதுவே சான்று.

எடுத்துக்காட்டாக, ஒருவர் கார் பயிற்சிக்கு 7,000 ரூபாய் கட்டினார் என்று கொள்வோம். அரசுக் கட்டணம் 700 போக, பயிற்சிக்கு 6,300. மணிக்கு 630 ரூபாய். 3 மணி நேரம் ஓட்டியபின் நோயுற்றார் எனில், பெறாத 7 மணிக்கு 4,410 ரூபாய் ஆகிறது. தேர்வுக் கட்டணம் 300, உரிமக் கட்டணம் 200 ஆகியவற்றைப் பள்ளி இன்னும் அரசுக்குச் செலுத்தாதிருந்தால், அந்த 500 ரூபாயையும் சேர்த்து 4,910 கேட்கலாம். இது பேச்சைத் தொடங்குவதற்கான நியாயமான கணக்கு. நிர்வாகச் செலவுக்கென்று பள்ளி ஒரு சிறு தொகையைக் கழிக்கக்கூடும். பணம் வேண்டாம், உடல் தேறியபின் மீதிப் பயிற்சி வேண்டும் என்பவர்கள் அதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இடைத்தரகரிடம் ரசீதின்றிக் கொடுத்த பணத்துக்கு இந்த வழிகள் பெரும்பாலும் உதவா.

முறையிடும் வழி

முதலில் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சேர்ந்த நாள், கட்டிய தொகை, ஓட்டிய நேரம், நோயுற்ற நாள், கேட்கும் தொகை ஆகியவை அதில் இருக்கட்டும். நகலை வைத்துக்கொண்டு, ஒப்புகை கிடைக்கும் வகையில் அஞ்சலில் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். பல சிறு தகராறுகள் அந்த அளவிலேயே தீர்ந்துவிடும்.

அதன்பின் நாமக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். பள்ளி வேறு மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கச் சட்டம் இடமளிக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். நோயாளி மறைந்துவிட்டால் சட்டப்படியான வாரிசும், சிறார் எனில் பெற்றோரும் புகார் அளிக்கலாம்.

பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. கொல்லிமலையின் மலையாளி இனத்தவர் இந்த உதவியை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டுப் பெறலாம். அழைப்பு எண் 15100.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, மருத்துவமனைச் சுருக்கத்துடன், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை வாகனம் ஓட்டக்கூடாது என்று குறிப்பிடும் சான்றையும் கேட்டு வாங்குங்கள். நோயின் முழு விவரமும் அதில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பள்ளிக்குக் காட்ட, தேதிகள் போதும்.

புதிய தேர்வு நாளைக் குறிக்கும் முன் உங்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். விண்ணப்பத்துடன் தரும் படிவம் 1, வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று நேரடியாகக் கேட்கிறது. அதில் உண்மையை மறைக்காதீர்கள். 40 வயதைக் கடந்தவர்களுக்கும் போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர்களுக்கும் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்று தேவை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள், இன்சுலினால் திடீரெனச் சர்க்கரை குறைதல், அண்மையில் செய்த கண் அறுவை சிகிச்சை, இன்னும் முழு வலு பெறாத கை கால் ஆகியவையும் மருத்துவரிடம் சொல்லவேண்டியவை. 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் ஒரு நொடித் தலைசுற்றலும் உயிரைப் பறிக்கக்கூடும்.

தேர்வுக்கு வேறு நாள் குறிக்கலாம். பயிற்சிப் பணத்தை முறைப்படி கேட்கலாம். மருத்துவர் அனுமதிக்கும் நாள்வரை வண்டியை எடுக்காதீர்கள்.