கிளாரினெட் நாணற்பட்டையைத் தேர்தலும் பழக்குதலும்

கிளாரினெட்டின் ஒலி பிறக்குமிடம் அதன் கரிய குழலன்று. ஊதுமுனையின்மேல் இறுக்கிக் கட்டப்படும் மெல்லிய நாணற்பட்டையே ஆகும். இசைக்கலைஞர் வழக்கில் அது ரீட் எனப்படும். நாகசுரத்தின் சீவாளியும் தட்டையால் ஆனதே. எனினும் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று எதிர்கொண்டு அதிர்கின்றன; ரீட் ஒற்றை இதழாய் ஊதுமுனையின் விளிம்பை எதிர்கொண்டு அதிர்கிறது. கிளாரினெட் கலைஞர் பெரும்பாலும் ஆலையில் செய்யப்பட்ட பட்டைகளைப் பெட்டியாக வாங்குபவர். ஆகவே அவர் கையில் எஞ்சுபவை தேர்தலும் பழக்குதலுமே. எண் கூடினால் தரம் கூடும் என்பதும், நல்ல பட்டையை முதல் நாளிலேயே அறிந்துவிடலாம் என்பதும் இவற்றைச் சூழ்ந்துள்ள இரு பிழைக் கருத்துகள். முதலாவது மாணவரின் உதட்டை வருத்துகிறது. இரண்டாவது நல்ல பட்டைகளைக் குப்பைக்கு அனுப்புகிறது.

மூலப்பொருள்

ரீட் செய்யப் பயன்படுவது புல் குடும்பத்தைச் சார்ந்த அருண்டோ டோனாக்ஸ் என்னும் தாவரம். தென்கிழக்குப் பிரான்சின் வார் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. ஏறத்தாழ ஈராண்டு வளர்ந்த தட்டைகளைக் குளிர்காலத்தில் அறுத்து, வெயிலில் பொன்னிறமாகும்வரை உலர்த்திப் பின்னர்ப் பிளந்து சீவுகின்றனர். குறுக்குவெட்டில் நோக்கினால், மென்மையான திசுவினிடையே கடினமான நார்க்கற்றைகள் பரவியிருப்பது புலனாகும். இப்பரவல் தட்டைக்குத் தட்டை மாறும். ஒரே தட்டையின் இரு பக்கங்களிலும்கூட மாறும். ஒரே பெட்டியின் பட்டைகள் ஒன்றுபோல் ஒலிக்காமைக்குக் காரணம் இதுவே; ஆலையின் கவனக்குறைவு அன்று.

எண்ணின் பொருள்

2, 2½, 3 எனப் பொறிக்கப்படும் எண்ணைப் பலர் பட்டையின் தடிமன் எனக் கருதுகின்றனர். உண்மையில் ஒரு வகையைச் சேர்ந்த பட்டைகள் அனைத்தும் ஒரே வடிவில்தான் சீவப்படுகின்றன. நுனி ஏறக்குறைய 0.1 மி.மீ. அளவே இருக்கும். சீவிய பின்னரே பொறி ஒவ்வொன்றின் வளைவை அளந்து எண் இடுகிறது. எனவே அவ்வெண் தட்டையின் விறைப்பை மட்டுமே சுட்டும். ஒரு நிறுவனத்தின் 3 மற்றொரு நிறுவனத்தின் 3 ஆக இருக்க வேண்டியதில்லை.

விறைப்பை முடிவு செய்ய வேண்டியது ஊதுமுனையாகும். நுனித் திறப்பு அகன்றிருந்தால் பட்டை கூடுதலாக வளைய வேண்டும். அதற்கு மென்பட்டை பொருந்தும். திறப்பு குறுகி, வளைதளம் நீண்டிருந்தால் வன்பட்டை பொருந்தும். இதனை நோக்காது வகுப்பு முழுவதற்கும் ஒரே எண்ணைப் பரிந்துரைக்கும் ஆசிரியர், மாணவர் கீழுதட்டால் பட்டையைக் கடிக்கும் பழக்கத்திற்குத் தாமே வழிசெய்தவராவார். கருநாடக இசையில் இவ்வினா மேலும் கூர்மையடைகிறது. ஏ.கே.சி. நடராசன் போன்றோர் இக்கருவியில் நிலைநிறுத்திய கமக வாசிப்பில் விரலோடு உதடும் சுரத்தை அசைக்கிறது. மென்பட்டை அவ்வசைவுக்கு இணங்கும். ஆனால் மேல்தாயியில் சுருதி தளரும். வன்பட்டை சுருதியைக் காக்கும்; அசைவை மறுக்கும். இதற்குப் பொதுவிடை இல்லை.

கண்ணால் தேர்தலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒளிக்கெதிரே பிடித்தால் நடுவில் தெரியும் இருண்ட பகுதி இருபுறமும் ஒத்திருத்தல் நன்று; நார்கள் நேராக நுனியை எட்டுதலும் நன்று. பச்சை நிறம் முதிராமையைக் காட்டும். தோலிலுள்ள பழுப்புப் புள்ளிகள் அழகின்மையே அன்றிக் குறையல்ல.

பழக்குதல்

உலர்ந்த பட்டை முதன்முறை நீர்பட்டதும் திசுக்கள் ஊதுகின்றன, உலர்ந்ததும் சுருங்குகின்றன. இம்மாற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. அதனால் பட்டை கோணும். சில முறை நனைந்து உலர்ந்த பின்னரே அது ஒரு நிலைக்கு வருகிறது. முதல் நாள் கூர்மையாக ஒலித்தது நான்காம் நாள் தளர்வதும், மந்தமாகத் தோன்றியது தெளிவதும் இதனாலேயே. ஆகவே முதல் நாள் ஐந்து நிமிட அளவில், உரத்து ஊதாமல், கீழ்த்தாயியிலும் இடைத்தாயியிலும் வாசித்து நிறுத்துதல் தகும். மேல்தாயியைப் பின்னர்த் தொடலாம். நாள்தோறும் சில நிமிடங்கள் கூட்டி, ஒரு வாரமளவில் முழுப் பயன்பாட்டிற்குக் கொணரலாம். நனைத்தலும் அளவோடு அமைய வேண்டும். நீரில் நெடுநேரம் ஊறிய பட்டை கனத்து மந்தமாகும்.

ஒவ்வொரு முறையும் பட்டையின் அடிப்பரப்பைச் சோதித்தல் இன்றியமையாதது. ஊதுமுனையில் பட்டையைப் பூட்டி, மறுமுனையை உள்ளங்கையால் மூடிக் காற்றை உறிஞ்சினால், வாயை எடுத்த பின்னும் பட்டை நொடிப்பொழுது ஒட்டியிருந்து ஒலியோடு விடுபட வேண்டும். உடனே விடுபடின் காற்று கசிகிறது எனலாம். அப்போது கண்ணாடிமேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் அடிப்பரப்பை மெல்லத் தேய்த்துச் சமன்செய்வர். சீவிய மேற்பரப்பை விரலால் நீவித் துளைகளை அடைக்கும் வழக்கமும் உண்டு. அதன் பயன்குறித்துக் கலைஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

பழகிய பின்னும் ஒலி கனமாயின், குறை எப்பக்கம் என அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஊதுமுனையைச் சற்றே சாய்த்து, உதட்டால் ஒரு பக்கத்தை அடக்கி, மறுபக்கம் மட்டும் அதிர ஊதுக. பின்னர் மாற்றி ஊதுக. எப்பக்கம் தடைபடுகிறதோ அப்பக்கத்தை மட்டும் சுரண்டுதல் வேண்டும். உப்புத்தாளுக்கு மாற்றாக, சிலிக்கா செறிந்த குதிரைவால் செடியின் உலர்தண்டு பழங்காலந்தொட்டே இதற்குப் பயன்படுகிறது. நுனியையும் நடுமேட்டையும் தொடாதிருத்தல் நலம். எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது.

ஒரே பட்டையை நாள்தோறும் வாசிப்போர் அதனை விரைவில் இழப்பர். நான்கு அல்லது ஐந்தைச் சுழற்சியில் வைத்து, வாசித்ததும் துடைத்து, தட்டையான உறையில் வைப்பது ஆயுளைக் கூட்டும். ஈரமும் வெப்பமும் மிகுந்த கடலோர ஊரிலிருந்து குளிரூட்டிய அரங்கிற்குள் நுழையும் கலைஞருக்கு இச்சுழற்சி இன்னும் தேவையானது. அங்கு ஒரு பட்டை கோணினும் மற்றொன்று கைகொடுக்கும்.