வெயிலை விலைக்கு வாங்குவது எப்படி?

திருவண்ணாமலையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் அருணாசலத்தின் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்ந்து கொண்டிருக்கும். ஆயினும் இதே வெயிலை நாடி, மார்கழி முதல் மாசி வரையில் ஐரோப்பியர் பலர் நம் ஊருக்கு வந்து மாதக் கணக்கில் தங்குகிறார்கள். ஸ்ரீ ரமணாசிரமத்தின் ஈர்ப்பு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் தேசத்தில் பனி கொட்டும் மாதங்களிலேதான் இங்கே கூட்டம் அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆத்மாவுக்கு அமைதி, சரீரத்துக்கு இளஞ்சூடு. ஒரே செலவில் இரண்டு லாபம்!

இதே ஊரில் விடுதி அறையின் வாடகை பௌர்ணமியன்று ஒன்று. மூன்று நாள் கழித்து வேறொன்று. கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். மலையும் அதேதான், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் அதேதான், கட்டிலும் மெத்தையும்கூட அவையேதான். மாறியது நாள் ஒன்றே. பிரயாணத்தில் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இடமன்று, நாளே என்ற பாடத்தை நமக்கு நம் ஊரே கற்பிக்கிறது.

சென்ற தலைமுறையில் காசியும் ராமேசுவரமும் போய் வந்தாலே பெரிய யாத்திரை. இன்றோ நடுத்தரக் குடும்பங்களும் பாலித் தீவுக்கும் மாலத்தீவுக்கும் விடுமுறைக்குப் புறப்படுகின்றன. உலகத்தைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் நான்கு நாள் கடற்கரையில் கழித்துவிட்டு மூன்று வருஷம் கடன் தவணை கட்டுவது இல்லறத்துக்கு அழகன்று. கையிலுள்ள பணத்துக்குள் வெளிநாட்டுக் கடலையும் வெயிலையும் அனுபவிக்க வழி உண்டா?

உபாத்தியாயர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் கோடை விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது. நாளைத் தேர்ந்தெடுக்க முடியாதவர்கள் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்கு இலங்கையைப் போல் வசதியான தேசம் வேறில்லை. அத்தீவுக்கு இரண்டு பருவக்காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஹிக்கடுவ, காலி முதலிய தெற்கு, மேற்குக் கரைகளில் மழையைக் கொட்டிக் கடலைக் கொந்தளிக்கச் செய்கிறது. அப்பொழுது மலைகளுக்கு அப்பால் திருகோணமலையில் வானம் தெளிந்து, கடல் குளம்போல் கிடக்கும். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குக் காற்று வீசவே, நிலைமை தலைகீழாகிறது.

மே மாதம் ஹிக்கடுவையில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அது மலிவன்று, நஷ்டம். திருகோணமலைக்கு அருகேயுள்ள நிலாவெளியிலோ ஐரோப்பியக் கூட்டம் ஜூலை, ஆகஸ்டில்தான் பெருகும். நம் பிள்ளைகளின் விடுமுறை அதற்கு முந்தியே வந்துவிடுகிறது. வெயில் உண்டு, கடல் அமைதி உண்டு, கூட்டம் மட்டும் இல்லை. இதுவே உண்மையான மலிவு. சித்திரைப் புத்தாண்டையும் வெசாக் விடுமுறையையும் மாத்திரம் தவிர்த்து விடுங்கள். அப்பொழுது அந்நாட்டு ஜனங்களே விடுதிகளை நிரப்பி விடுவார்கள்.

போகும் வழியிலும் சிக்கனம் உண்டு. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பலை 1964 டிசம்பர்ப் புயல் ஒழித்தது. 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் புதிய கப்பல் புறப்பட்டது. சில தினங்களில் மழைக்காலத்தை முன்னிட்டு நின்றது. 2024 ஆகஸ்ட் 16-ந் தேதி மறுபடி தொடங்கியது. கடற்பிரயாணம் சுமார் 4 மணி நேரம். ஆயினும் கப்பல் ஓடுகிறதா என்று நிச்சயித்துக்கொண்டே மூட்டை கட்டுங்கள். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானமும் உண்டு. எதில் போனாலும் அங்கிருந்து திருகோணமலைக்குப் பஸ்ஸில் அரை நாள் பிடிக்கும். அந்தக் கட்டணத்தையும் ஒரு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பிரயாண அனுமதியைத் தரகர்களிடம் விடாமல் அரசாங்க இணையதளத்திலேயே நாமே பெறலாம்.

நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கிறதே என்று துள்ள வேண்டாம். 2022-ம் வருஷத்து நெருக்கடியில் அவர்கள் நாணயம் விழுந்ததோடு அரிசி, பால்மா, பெட்ரோல் விலையெல்லாம் ஏறிவிட்டன. கையில் நோட்டு அதிகம் என்பதால் பண்டமும் அதிகம் என்றாகிவிடாது. ஒரு வேளைச் சாப்பாடு நம் கணக்கில் என்ன ஆகிறது என்று பார்த்தே செலவிட வேண்டும்.

திருகோணமலையில் சுவாமி மலையின் உச்சியில் கோணேசர் கோயில் கொண்டிருக்கிறார். பழைய ஆலயத்தைப் போர்த்துக்கீசியர் இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். அண்ணாமலையைப் பாடிய திருஞானசம்பந்தரே கோணமலையையும் பாடியிருக்கிறார். அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். மொழியோ நம் மொழி. வழி கேட்கவும் விலை பேசவும் துபாஷி வேண்டியதில்லை. காசு கொடுக்காமலே கிடைக்கும் இந்தச் சௌகரியத்தை எந்த விளம்பரமும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அங்கே நாம் அந்நியராய் நின்று நியாயமான விலையை எதிர்பார்க்கும்பொழுது ஒன்றை நினைத்துக்கொள்வோம். மார்கழியில் நம் ஊருக்கு வந்து ஆட்டோவுக்கும் இளநீருக்கும் விலை கேட்டு நிற்கும் அந்நியரும் அதையேதான் எதிர்பார்க்கிறார்.