கைப்பேசிச் செயலிகளில் வழக்கொழிந்த நிரல்களை மாற்றுதல்: தமிழ் எழுத்துக் குறியாக்கத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசி இயங்குதளங்கள் புதுப்பிக்கப்படுந்தோறும் சில நிரற்கூறுகள் வழக்கொழிந்தவையாக அறிவிக்கப்படுகின்றன. தமிழ்ச் செயலிகளில் இவற்றுடன் மற்றோர் அடுக்கும் உண்டு. அது ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துக் குறியாக்கம். முதல் அடுக்கின் பழமையைக் கருவிகளே சுட்டிக்காட்டும். இரண்டாவதன் பழமையைச் சுட்டும் கருவி எதுவுமில்லை. இவ்விரண்டையும் மாற்றும்போது சேமிக்கப்பட்ட தமிழ்ப் பனுவல் சிதையாமல் காக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வழக்கொழிந்த நிரல், ஆண்டிராய்டு, ஒருங்குறி, பாமினி, தரவு மாற்றம்

முன்னுரை

வழக்கொழிதல் வேறு, நீக்கம் வேறு. ஒரு நிரற்கூறு வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னரும் சில காலம் இயங்கும். புதிய பணிகளில் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அறிவிப்பின் பொருள். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, றா, னோ முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவங்கள் இவ்வாறே வழக்கொழிந்தன. எனினும் அதற்கு முன் அச்சான நூல்கள் படிக்க இயலாதவை ஆகிவிடவில்லை. படிப்போர் இரு வடிவங்களையும் அறிந்திருந்தனர். கருவிக்கு அத்தகைய பழக்க அறிவு இல்லை. பழையதைப் படிக்கும் நிரல் நீங்கினால் பழைய பனுவலும் அதனுடன் மறையும். நிரல் மாற்றம் தமிழாய்வுக்கும் உரிய சிக்கலாவது இதனாலேயே.

இயங்குதளம் அறிவிக்கும் மாற்றங்கள்

பின்னணிப் பணிகளுக்குப் பரவலாகப் பயன்பட்ட அசிங்க்டாஸ்க் என்னும் கூறு 2020இல் வெளிவந்த ஆண்டிராய்டு 11உடன் வழக்கொழிந்தது. ஆப்பிள் தளத்தில் யுஐவெப்வியூ 2018இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் அதனைக் கொண்ட புதிய செயலிகள் ஆப்பிளின் செயலிக் கடையில் ஏற்கப்படவில்லை. கூகுள் பிளே 2018 ஆகஸ்டு முதல் புதிய செயலிகள் ஆண்டிராய்டு 8.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை இலக்காகக் கொள்ள வேண்டுமென விதித்தது. அவ்வரம்பு பின்னர்ப் படிப்படியாக உயர்த்தப்பட்டு வருகிறது. எனவே மாற்றத்தைத் தள்ளிவைக்கலாமே தவிர, தவிர்க்க இயலாது.

இவற்றுள் தமிழ் நூற்செயலிகளுக்கு நெருக்கமானது சேமிப்பக மாற்றம். கைப்பேசியின் பொதுச் சேமிப்பிடத்தைத் தடையின்றி அணுகும் முறை ஆண்டிராய்டு 10இல் வழக்கொழிந்தது. ஆண்டிராய்டு 11ஐ இலக்காகக் கொண்ட செயலிகளுக்கு அது பெரிதும் மூடப்பட்டது. நூல்களையும் வாசகர் குறிப்புகளையும் அங்கே வைத்திருந்த செயலி, புதிய நிரலுக்கு மாறும் முன் அக்கோப்புகளைத் தன் உரிய இடத்திற்கு நகர்த்தியாக வேண்டும். நிரல் பிழையின்றி இயங்கியும் கோப்பு எட்டாத நிலை ஏற்படலாம்.

இம்மாற்றங்களுக்குரிய நிரல் வரிகளைக் கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியே பெரும்பாலும் எச்சரிக்கையுடன் பட்டியலிட்டுத் தரும். அடுத்துக் காணும் மாற்றத்திற்கு அத்தகைய பட்டியல் கிடைப்பதில்லை.

எச்சரிக்கை இல்லாத மாற்றம்

ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் டிஸ்கி, பாமினி போன்ற எட்டுத்துகள் முறைகள் நெடுங்காலம் வழங்கின. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் ஆகியவற்றைத் தரமாக ஏற்றது. 2010 ஜூனில் ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரமாக அறிவித்தது. தொடக்கக்கால ஆண்டிராய்டு கருவிகள் ஒருங்குறித் தமிழைச் செவ்வனே காட்டவில்லை. ஆகவே பழைய முறை எழுத்துருவைச் செயலிக்குள் பொதிந்து, பனுவலை அதற்கேற்ப மாற்றிக் காட்டும் உத்தி கையாளப்பட்டது. இயங்குதளமே தமிழைக் காட்டத் தொடங்கிய பின் அவ்வுத்தி தேவையற்றதாயிற்று. ஆனால் நிரல்பெயர்ப்பியின் பார்வையில் அதுவும் பிழையற்ற நிரலே.

பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் அமர்ந்துள்ளன. அவ்வெழுத்துரு இல்லாத இடத்தில் பனுவல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகத் தோன்றும். பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் போன்ற கருவியும் அக்கோவையையே ஒலிக்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது செவிக்குத் தமிழாக எட்டுவதில்லை.

பழைய முறைகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கின்றன. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் கால் இறுதியிலும் நிற்கும். ஒருங்குறியில் ககரமே முதலில் நிற்கும். உயிர்க்குறி அதனைத் தொடரும். எனவே மாற்றும் நிரல் குறிகளை மாற்றுவதோடு வரிசையையும் திருத்த வேண்டும்.

இதனினும் நுட்பமானது ஔகாரக் குறி. பாமினியில் ‘கௌ’ என்பதன் வலப்பகுதியும் ளகரமும் ஒரே குறியைப் பெறுகின்றன. ‘கௌரி’ என்பதற்கேற்ப எழுதப்பட்ட எளிய விதி, ‘கெளிறு’ என்னும் மீன்பெயரின் முதற்பகுதியையும் ‘கௌ’ எனக் கொண்டு இகரக் குறியைத் தனித்து நிற்கவிடும். அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ளகரமே என்னும் விதியைச் சேர்த்தால் இச்சொல் தப்பும். அவ்வாறு எதுவும் தொடராத இடங்களில் அகராதியின் துணை வேண்டும். மறுதலையாக, ‘கௌதமன்’ என்பதை ஒருங்குறியிலும் ளகரமிட்டு எழுதும் பழக்கம் இன்றும் காணப்படுகிறது. இரண்டும் திரையில் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றினும் தேடலில் வெவ்வேறு சொற்களாகின்றன.

மாற்றும் முறை

முதலாவதாக, பழைய குறியாக்கத்தைத் தொடும் நிரல் வரிகள் அனைத்தையும் ஒரே கூறுக்குள் ஒதுக்க வேண்டும். இரண்டாவதாக, கொம்பு, ஔகாரம், ஆய்தம், கிரந்த எழுத்துகள் ஆகியவற்றை உள்ளடக்கிய சோதனைச் சொற்பட்டியலைக் கொண்டு அக்கூறினைச் சோதிக்க வேண்டும். மூன்றாவதாக, பனுவலைத் திரையில் காட்டுந்தோறும் மாற்றாமல், சேமிப்பிலேயே ஒருமுறை மாற்றித் தரவுத்தளத்தின் பதிப்பெண்ணை உயர்த்த வேண்டும். இன்றேல் மாறிய பனுவலே மீண்டும் மாற்றப்பட்டுச் சிதையும். நான்காவதாக, சரிபார்ப்பு முடியும்வரை மூலப்படியைக் காக்க வேண்டும். பழைய நிரலை நீக்குதல் இறுதிப் படியே.

அகரவரிசையும் இதனுடன் சரிபார்க்கத்தக்கது. ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும் றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. குறியெண்ணைக் கொண்டே வரிசைப்படுத்தினால் தமிழ் நெடுங்கணக்கு மாறிவிடும். தமிழுக்குரிய வரிசைப்படுத்தும் விதிகளைக் கொண்ட நிரற்கூறே பொருந்தும்.

முடிவுரை

ஒருங்குறி எழுத்துக்குக் குறியெண் தருகிறது, அதன் வடிவத்திற்கு அன்று. ஆகவே 1978க்கு முந்தைய ‘லை’ வடிவைக் காட்ட வேண்டின் எழுத்துருவை மாற்றினாலே போதும். பனுவலைத் தொட வேண்டியதில்லை. வடிவத்திற்குக் குறியெண் தந்த பழைய முறைகளில் இந்நெகிழ்வு இல்லை. வழக்கொழிந்த நிரலோடு அம்முறைகளையும் கைவிட வேண்டிய காரணம் இதுவே.

நிரலை மாற்றுவோர் பொறியாளர்; ‘கெளிறு’ சிதைந்ததைக் கண்டறிவோர் தமிழறிந்தோர். பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வளாகத்தில் பொறியியல் புலமும் தமிழ்ப்பேராயமும் அருகருகே இயங்குவது போன்ற சூழல் அமைந்த இடங்களில், சோதனைச் சொற்பட்டியலைத் தமிழ்த்துறையினர் தொகுத்து வழங்குவது எளிது. அப்பட்டியல் பொதுவில் கிடைக்குமாயின் ஒவ்வொரு செயலியும் அதே பிழையைப் புதிதாகச் செய்ய நேராது.