சொன்னவன் பெயர் வெளியே வரக்கூடாது

பொட்டிப்புரம் கிராமத்தில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன். கூட்டாளிகள் யாரையோ அடிக்கத் திட்டம் போடுவது அவன் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் சொல்வான்? திட்டம் போடுகிறவர்களில் ஒருவன் பங்காளி மகன், இன்னொருவன் எதிர்வீடு. காலையில் தேவாரம் பஸ்ஸில் அவர்களோடுதான் ஏற வேண்டும், சாயங்காலம் அவர்களோடுதான் இறங்க வேண்டும். வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் ‘போட்டுக் கொடுத்தவன்’ என்ற பெயர்தான். அவன் சும்மா இருந்துவிட்டால் கோழை என்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். அந்தக் கணக்கும் பல நேரம் சரியாகவே இருக்கிறது.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டீர்கள். வள்ளியூரில் படித்த பட்டியலினத்து மாணவன், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் நடந்ததைச் சொன்னான், எழுதியும் கொடுத்தான். 2023 ஆகஸ்ட் 9 இரவு அந்த மாணவர்கள் அரிவாளோடு நாங்குநேரியில் அவன் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவன் பிழைத்து, மறு ஆண்டு பிளஸ் டூவில் 600க்கு 469 எடுத்தான். ஆனால் அதே வகுப்பில் உட்கார்ந்திருந்த மற்ற பையன்கள் அன்று என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? புகார் கொடுத்தவனுக்கு வெட்டு என்பதைத்தானே!

இந்த மௌனம் நம் ஊரில் மட்டுமல்ல. அமெரிக்காவில் பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை அந்நாட்டின் சீக்ரெட் சர்வீஸ் ஆராய்ந்து 2002இல் அறிக்கை தந்தது. பத்தில் எட்டு சம்பவங்களில் ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்தவர்களில் பெரும்பாலோர் உடன் படித்தவர்கள், நண்பர்கள். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டுப் பார்த்தார்கள். ‘சும்மா சொல்றான், செய்ய மாட்டான்’ என்று நினைத்தவர்கள் உண்டு. சொன்னால் தனக்கே திட்டு விழும் என்று பயந்தவர்களும் உண்டு. வாய் திறந்தவர்களோ, பெரும்பாலும் ஒரு பெரியவரையாவது நம்பியவர்கள்.

நம் பள்ளிகளில் அந்த நம்பிக்கையை நாமே உடைக்கிறோம். ஒரு பையன் ரகசியமாகச் சொன்னதை, மறுநாள் பிரேயரில் மைக் பிடித்து ‘இன்னார் சொன்னான், நீ செஞ்சியா?’ என்று கேட்கிற ஆசிரியர் இருக்கும்வரை எந்தப் புகார்ப் பெட்டியும் நிரம்பாது. சட்டத்துக்கு இந்தப் பயம் புரிந்திருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில், குற்றம் தெரிந்தும் சொல்லாத பெரியவருக்குத் தண்டனை உண்டு, குழந்தைக்குக் கிடையாது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதிக் கயிறு கட்டத் தடை, பள்ளிக்கென்று நல அலுவலர் எனப் பல பரிந்துரைகள். நல அலுவலர் வரட்டும். வருகிறவர் முதல் நாளே பிள்ளைகளிடம் ‘உன் பேர் வெளியே வராது’ என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை இப்படி ஒரு விஷயத்தோடு வந்தால், ‘உனக்கு எதுக்குடா ஊர் வம்பு’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பள்ளியை நம்ப முடியவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பிள்ளைக்குப் பதிலாக நீங்களே அழையுங்கள்.